கை ஓங்காத மாஸ்டர்

டிரைவிங் ஸ்கூல் கார்களில், கற்றுக்கொள்பவரின் பக்கத்தில் உட்காரும் மாஸ்டர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு கை எப்போதும் ஸ்டியரிங்கின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டே இருக்கும். ஓட்டுவது நாம் என்று பெயர், உண்மையில் ஓட்டுவது அவர்கள்தான். எங்கள் மாஸ்டர் அப்படியில்லை. காரில் ஏறி பெல்ட்டை மாட்டியதும் தன் இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் செருகிக்கொள்வார். குளிரில் நடுங்கும் பள்ளிக்கூடப் பையன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். அவர் கால்மாட்டிலும் ஒரு கிளட்சும் ஒரு பிரேக்கும் உண்டு. ஆபத்து என்றால் காலைத்தான் பயன்படுத்துவார். கை வெளியே வரவே வராது.

நான் திண்டுக்கல்லில் வக்கீல். வருகிறவை பெரும்பாலும் குடும்ப வழக்குகள். வேடசந்தூர், நிலக்கோட்டை, நத்தம் என்று கோர்ட் கோர்ட்டாகப் பஸ்ஸில் தொங்கி அலுத்துப்போய்த்தான் ஒரு பழைய கார் வாங்கினேன். முதலில் என் வீட்டுக்காரர் கற்றுக்கொடுப்பதாகச் சொன்னார். நத்தம் ரோட்டில் சில நாள் போனோம். அவர் கத்துவார், ஸ்டியரிங்கைப் பிடித்து இழுப்பார், நான் அழுவேன். கல்யாண வாழ்க்கை தேவையா கார் தேவையா என்று யோசிக்க வேண்டிய நிலை வந்தபோது மாஸ்டரிடம் போய்ச் சேர்ந்தேன்.

அவருக்கு அப்போது ஐம்பதை ஒட்டிய வயது. ஒல்லி. கோடைக்கும் முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டில் பட்டனும் போட்டிருப்பார். இடது பக்கம் நின்று பேசினால் காது கேட்காது. "இந்தப் பக்கம் வாங்கம்மா" என்று நம்மை வலது பக்கம் வரச் சொல்லிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார். சின்ன வயதில் காய்ச்சல் வந்து அந்தக் காது போய்விட்டது என்று சொன்னார். நானும் நம்பினேன்.

வத்தலக்குண்டு ரோட்டில் ஒரு காலை நேரம். நிலக்கோட்டையிலிருந்து பூ ஏற்றி வரும் வேன்காரர்களுக்கு மல்லிகை வாடுவதற்குள் சந்தை போய்ச் சேர வேண்டும், ரோட்டில் எதிரே வருகிறவர்களைப் பற்றிக் கவலை கிடையாது. அப்படி ஒரு வேன் ஒரு லாரியை முந்திக்கொண்டு நேரே எங்கள் மேல் வந்தது. நான் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். கார் குலுங்கி நின்றது. அவர் பிரேக்கை மிதித்திருந்தார்.

"கண்ணத் தொறங்கம்மா. வேன் போயிருச்சு."

பார்த்தேன். அவருடைய கைகள் தொடைக்கு அடியிலேயே இருந்தன.

"பயமே இல்லையா மாஸ்டர்? கைய எடுத்து ஒரு திருப்புத் திருப்பியிருக்கலாமே."

"எடுத்துட்டா அப்புறம் நீங்க என் கையத்தான் நம்புவீங்க. வண்டி உங்ககிட்ட இருக்கு. செத்த நேரம் நின்னு மூச்சு விட்டுட்டுப் போவோம்."

அவரிடம் கற்றுக்கொள்ள வந்தவர்களில் பெண்களே அதிகம். டீச்சர்கள், நர்சுகள், வீட்டில் கார் சும்மா நிற்கிறதே என்று வந்தவர்கள். என்னோடு சின்னாளப்பட்டியிலிருந்து ஒரு பெண் வந்தாள். நெசவுக் குடும்பம், புதுசாகக் கல்யாணமானவள். காவலுக்கு அவள் மாமனாரும் தினமும் வருவார், பின்சீட்டில் என் பக்கத்தில் உட்காருவார். அவள் கியர் தப்பினால் "அதுக்குத்தான் சொன்னேன்" என்பார். வண்டி அணைந்துபோனாலும் அதே வார்த்தைதான். ஒருநாள் தாடிக்கொம்பு ரோட்டில் அவள் மூன்று முறை வண்டியை அணைத்துவிட்டாள். பெரியவர் முன்னால் எக்கி, "கொஞ்சம் அதட்டிச் சொல்லுங்க மாஸ்டர். அதட்டுனாத்தான் பொம்பளைக்கு மண்டையில ஏறும்" என்றார்.

மாஸ்டர் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னார். இறங்கி வந்து பின்கதவைத் திறந்தார்.

"ஐயா, நீங்க முன்னாடி வந்து உக்காருங்க. நீங்க ஓட்டுங்க, நான் அதட்டுறேன். ஏறுதான்னு பாப்போம்."

குரலில் கேலி இல்லை. உண்மையாகவே அழைப்பது போலத்தான் இருந்தது. பெரியவர் எதிரே இருந்த தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாளிலிருந்து வரவில்லை. அந்தப் பெண் லைசென்ஸ் வாங்கியதும் மாஸ்டருக்கு ஒரு சுங்குடிச் சேலை கொண்டுவந்து, "அக்காவுக்குக் குடுங்க" என்றாள். அதைக் கையில் வாங்கியபோது அவர் முகம் மாறியது. அந்தச் சேலை வெகுநாள் டிரைவிங் ஸ்கூல் மேசை டிராயரிலேயே கிடந்ததை நான் பார்த்தேன்.

லைசென்ஸ் வாங்கிய பிறகும் கோர்ட் விட்டு வரும் வழியில் அவரைப் பார்ப்பேன். சாயங்காலம் கடைசி ஆள் போனபின் காரைக் கழுவிக்கொண்டிருப்பார். கழுவி முடித்த காரைத் துடைப்பார். துடைத்த காரைத் திரும்பவும் துடைப்பார். ஸ்கூல் முதலாளி ஷட்டரை இறக்கி, "வீட்டுக்குப் போங்க மாஸ்டர்" என்று சொன்னால்தான் கிளம்புவார். வீட்டைவிட வண்டிமேல் பாசம் என்று முதலாளி சிரித்துக்கொண்டே சொல்வார்.

ஒருநாள் காலையில் என் ஆபீசுக்கு வந்தார். கட்சிக்காரர்கள் எல்லோரும் போகட்டும் என்று வெளியே பெஞ்சில் காத்திருந்துவிட்டு, கடைசியாக உள்ளே வந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததும் கைகள் தாமாகவே தொடைக்கு அடியில் போயின.

"வக்கீலம்மா, ஒரு ஆளப் பத்திக் கேக்கணும்."

"கேளுங்க மாஸ்டர்."

"வீட்டுல அடி வாங்குற ஆளுக்கு ஏதாச்சும் சட்டம் இருக்காம்மா?"

இதுதான் என் தினசரி வேலை. தயங்காமல் சொன்னேன். "தனிச் சட்டமே இருக்கு. மாஜிஸ்ட்ரேட்கிட்ட மனு போட்டா, அடிக்கக் கூடாது, வீட்ட விட்டு வெளியேத்தக் கூடாதுன்னு உத்தரவு வாங்கலாம். அதே வீட்டுலயே பாதுகாப்பா இருந்துக்கலாம். யாரு, உங்க தங்கச்சியா?"

அவர் வலது கையை எடுத்து இடது மணிக்கட்டுப் பட்டனைக் கழற்றினார். சட்டையை முழங்கைவரை சுருட்டினார். அகலமான தோசைக்கரண்டியின் வடிவம் அப்படியே சூட்டுக் காயமாகத் தோலில் பதிந்திருந்தது. அதன் பக்கத்தில் ஆறிப்போன பழைய தழும்பு ஒன்று, அதற்கும் மேலே இன்னொன்று.

"தங்கச்சி இல்லம்மா" என்றார்.

காது காய்ச்சலில் போகவில்லை என்பது அப்போது புரிந்தது. எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

"அந்தச் சட்டத்துல பாதிக்கப்பட்டவர்னா பொம்பளைன்னுதான் மாஸ்டர் இருக்கு."

"அப்ப எனக்கு என்ன பேரு?"

வேறு வழிகள் இருக்கின்றன என்று விளக்கினேன். காயப்படுத்தியதாகப் புகார் கொடுக்கலாம், அந்தப் பிரிவு ஆணா பெண்ணா என்று கேட்பதில்லை. கொடுமையைக் காரணம் காட்டி விவாகரத்துக் கேட்கலாம், அதுவும் இருவருக்கும் பொது. அவர் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார்.

"எனக்கு அவள உள்ள தூக்கிப் போடவும் வேணாம், உறவத் தீத்து விடவும் வேணாம்மா. மொதல்ல ஒண்ணு சொன்னீங்கள்ல, அதே வீட்டுல இருந்துக்கிட்டு அடிக்கக் கூடாதுன்னு. அதுதான் எனக்கு வேணும். கோர்ட்டு சொன்னா கேப்பா. அவ படிச்சவ."

அது ஒன்றுதான் அவருக்கு இல்லை.

"தனியா போயிரலாமே மாஸ்டர், கொஞ்ச நாளைக்கு?"

"தாரணி இருக்குல்லம்மா." தாரணி அவருடைய மகள், அப்போது பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். "நான் இருக்கிற வரைக்கும் அடி என்னோட நிக்கிது. நான் போயிட்டா அந்தக் கை எங்க போகும்னு எனக்குத் தெரியாது."

"அவங்க அடிக்கிறப்ப நீங்க என்ன செய்வீங்க?"

இடது கையைத் திரும்பவும் தொடைக்கடியில் வைத்துக்காட்டினார். "இப்பிடி வச்சிக்கிருவேன். வெளிய கெடந்தா அதுபாட்டுக்கு ஓங்கிருமோன்னு பயம். நான் ஒரு அடி வச்சேன்னா அம்புட்டுத்தான், அவ இத்தன வருசம் அடிச்சதெல்லாம் ஒண்ணுமில்லாமப் போயிரும். அதுக்கு மேல, நான் அடிச்சா அவ தாங்கமாட்டாம்மா."

டிரைவிங் ஸ்கூலில் நான் பொறுமை என்று நினைத்து வியந்திருந்தது, அவர் வீட்டில் பழகிக்கொண்டது.

யோசித்துவிட்டு ஒரு வாரம் கழித்துப் புகார் கொடுக்கச் சம்மதித்தார். கூப்பிட்டு ஒரு வார்த்தை எச்சரித்தால் போதும் என்றார். நானும் கூடப் போனேன். ஸ்டேஷனில் யாரும் எங்களை விரட்டவில்லை. மரியாதையாக உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார்கள். எழுதுகிற ஏட்டு மட்டும், "யார் யாரை அடிச்சது? திரும்பச் சொல்லுங்க" என்று இரண்டு தடவை கேட்டார். இன்ஸ்பெக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எங்க வீட்டுலயும் அதே கதைதான் மாஸ்டர், நாங்கல்லாம் வெளிய சொல்றதில்ல" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் அடக்கிக்கொள்ளவில்லை. மாஸ்டரும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மனுவுக்கு ரசீது கொடுத்தார்கள். மனைவியைக் கூப்பிட்டு விசாரிப்பதாகச் சொன்னார்கள். அவளைக் கூப்பிடுவதற்கு முன்பே, செய்தி கேட்டு மாஸ்டரின் அண்ணன் செம்பட்டியிலிருந்து பைக்கில் வந்துவிட்டார். ஸ்டேஷன் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"நீயெல்லாம் ஆம்பளையாடா? ரெண்டு அறை விட்டிருந்தா இப்பிடி இங்க வந்து நிப்பியா?"

"விட்டிருந்தாலும் இங்கதாண்ணே வந்து நின்னிருப்பேன்" என்றார் மாஸ்டர். "அவ கூட்டியாந்திருப்பா. அதுக்குச் சட்டம் இருக்கு."

"வாய் மட்டும் பேசு. நம்ம அப்பா இருந்திருந்தா நாண்டுக்கிட்டுச் செத்திருப்பாரு. உள்ள போயி எழுதிக்குடுத்ததத் திருப்பி வாங்கு. வா."

தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார். மாஸ்டர் போனார். மனுவை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். என்னைப் பார்த்து, "சிரமப்படுத்திட்டேன், மன்னிச்சிருங்கம்மா" என்றார்.

வாபஸ் வாங்கிய மனு ஊரைச் சுற்றி வந்தது. ஆட்டோ ஸ்டாண்டில் அவருக்கு 'கரண்டி மாஸ்டர்' என்று பெயர் வைத்தார்கள். காரில் போகும்போது ஜன்னல் பக்கம் குனிந்து, "தோசை வெந்துருச்சா மாஸ்டர்?" என்பார்கள். ஆண்கள் அவரிடம் கற்றுக்கொள்ள வருவது நின்றுபோனது. முதலாளி நல்ல மனிதர், வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் லாரி ஓட்டக் கற்றுக்கொள்கிற பையன்களை வேறு மாஸ்டரிடம் மாற்றிவிட்டார். பெண்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அவர்களில் சிலரும் அவரைப் பாவமாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். அதைத்தான் தன்னால் தாங்க முடியவில்லை என்று பின்னால் சொன்னார்.

எனக்கும் ஒரு பக்கம் நெருக்கடி. நான் மிகவும் மதிக்கிற சீனியர் அம்மா ஒருவர் கோர்ட் வராந்தாவில் என்னை நிறுத்தினார். பெண்களுக்காகவே வாழ்நாளைக் கொடுத்தவர். "அந்த மனுசன் சொல்றது நெசமாவே இருக்கட்டும். நீ அத எடுத்து நடத்துனா, நாளைக்கு நம்ம புள்ளைங்க ஒவ்வொருத்தி கேஸ்லயும் எதிர்த்தரப்பு இதத்தான் தூக்கிக் காட்டுவான். இந்தச் சட்டம் சும்மா வந்ததில்ல. நாங்க ரோட்டுல கெடந்து வாங்குனது." அவர் சொன்னதில் தவறு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. மாஸ்டரின் கையில் இருந்த தழும்பும் பொய்யில்லை.

சீனியர் அம்மா பயந்தது போலவே ஒரு கூட்டம் மாஸ்டரைத் தேடி வந்தது. ஆண்களைக் காப்பாற்றக் கிளம்பியிருப்பதாகச் சொல்லும் ஒரு அமைப்பு. என்ன பேசுவது என்று தெரியாமல் அவர்களை மாஸ்டர் என் ஆபீசுக்கே அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர்தான் பேசினார்.

"உங்கள மாதிரி ஒருத்தரத்தான் சார் தேடிக்கிட்டிருந்தோம். மேடையில வந்து நடந்தத அப்படியே சொல்லுங்க, போதும். பொம்பளைங்களுக்குன்னு இருக்கிற இந்தச் சட்டத்த எல்லாம் எடுத்தாகணும்."

மாஸ்டர் அவர் முகத்தைப் பார்த்தார். "எடுத்துட்டா எனக்கு என்ன கெடைக்கும்?"

"உங்களுக்கு நியாயம் சார்."

"எனக்கு ஒரு மக இருக்கு தம்பி. நாளைக்கு அவ போற வீடு எப்பிடியோ, எனக்குத் தெரியாது. அந்தச் சட்டம் அவளுக்கு வேணும். அதுல எனக்கும் ஒரு எடம் போடுங்கன்னுதான் நான் கேக்குறேன். அவள எந்திரிக்கச் சொல்லல."

"இப்படி ரெண்டுங்கெட்டானாப் பேசுனா மேடையில எடுபடாது சார்."

"அப்பச் சரிங்க, நான் வரல" என்று எழுந்துகொண்டார். அவர்களும் போய்விட்டார்கள். அதன்பிறகு அவரைத் தேடி வர ஊரில் யாரும் மிச்சமில்லை.

அவர் மனைவி என்னைப் பார்க்க வந்தது அதற்குப் பிறகுதான். கோபத்தோடு வருவாள் என்று எதிர்பார்த்தேன். களைத்துப்போய் வந்தாள். நாற்பதைத் தாண்டியிருக்காது. நெற்றியில் சின்னப் பொட்டு, கையில் பிளாஸ்டிக் கூடை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

"அவரு உங்ககிட்டச் சொன்னது எல்லாம் நெசம்தான்" என்றாள். "நான் இல்லைன்னு சொல்ல வரல."

பிறகு சொன்னாள். அவள் அவருக்கு மாமன் மகள். பிளஸ் டூவில் பள்ளியிலேயே முதல் மார்க். நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. அக்கா மகனுக்குத்தான் என் பெண் என்று அவள் அப்பா முடிவு செய்தார், அந்த வருடமே கல்யாணம்.

"பொண்ணு புடிச்சிருக்கான்னு அவரக் கேட்டாங்க. தலையாட்டுனாரு. அவரு எனக்கு ரொம்ப மூத்தவரு. மாப்பிள்ளை புடிச்சிருக்கான்னு என்னைய யாரும் கேக்கல. அவராச்சும் தனியாக் கூப்புட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? வந்தப்புறம் வேலைக்குப் போறேன்னேன், அவங்கம்மா வேணாம்னாங்க. அதுக்கும் தலையாட்டுனாரு. எங்கப்பா எங்கம்மாவ அடிக்கிறப்ப நாங்க பக்கத்துல உக்காந்து சோறு தின்னுக்கிட்டிருப்போம். ஒருத்தரு வந்து ஏன்னு கேட்டதில்ல. நான் அடிச்சா மட்டும் போலீசு, வக்கீலு."

"காரணம் எல்லாருக்கும் இருக்கும்மா" என்றேன். "எங்கிட்ட வர்ற பொம்பளைங்களோட புருசங்க ஒவ்வொருத்தரும் காரணத்தோடதான் வர்றாங்க."

அது அவளைச் சுட்டது. கூடையின் பிடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். "நான் எங்கப்பா மாதிரி ஆயிட்டேன்னு சொல்றீங்க. எனக்கே தெரியும். அடிச்சு முடிச்சதும் நாந்தான் மருந்து போடுறேன். போடுறப்ப, இனிமே இல்லன்னுதான் நெனைக்கிறேன். அவரு கைய அடியில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு பாருங்க, சாமி மாதிரி. ஒரு வார்த்தை பேசமாட்டாரு. பேசுனா நான் நிறுத்திருவேனோ என்னவோ." எழுந்தவள் கதவருகில் நின்றாள். "ஊருல இருக்கிற பொம்பளைக்கெல்லாம் வண்டி கத்துக்குடுக்கிறாரே, என்னைய ஒருநாள் வான்னு கூப்புட்டதில்ல. அதையும் அவருகிட்ட கேளுங்க."

கேட்டேன். மாஸ்டர் என் காரின் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். கை நின்றது.

"பயமா இருக்கும்மா. கண்ணாடியெல்லாம் ஏத்தி விட்ட காருக்குள்ள அவளோட ஒத்தையில உக்காரணுமே" என்றார். சற்றுக் கழித்து, "கல்யாணத்துக்கு முந்தி நான் அவளக் கேட்டிருக்கணும். அது என்மேல தப்புதான். அதுக்கு எம்புட்டு அடி வாங்குனா சரியாப் போகும்னுதான் தெரியல" என்றார்.

அவரை விவாகரத்துக்குச் சம்மதிக்கவைக்க நான் எடுத்த கடைசி முயற்சி தாரணியிடம் முடிந்தது. தாரணி அப்பாவோடு இருக்க ஒப்புக்கொண்டால், இருவரும் தனியாகப் போய்விடலாம். அந்த வயதுப் பிள்ளையின் விருப்பத்தைக் கோர்ட் கேட்கும். மாஸ்டர் அவளை அழைத்து வந்தார். அப்பாவின் ஒல்லியும் அம்மாவின் கண்ணும் உள்ள பெண். நான் சொல்லி முடித்ததும் கேட்டாள்.

"நாங்க ரெண்டு பேரும் போயிட்டா அம்மா என்ன ஆன்ட்டி செய்வாங்க?"

"அவங்க தனியா இருந்து பழகிக்குவாங்கம்மா."

"பழக மாட்டாங்க. கெணத்துல விழுந்துருவாங்க. போன வருசம் ஒரு தடவ விழப் போனாங்க. நாந்தான் புடிச்சு இழுத்தேன், அப்பாவுக்குத் தெரியாது."

மாஸ்டர் மகளைப் பார்த்தார். தன்னிடம் மறைத்துவைத்து அவள் ஒருத்தியாகச் சுமந்ததை அப்போதுதான் அறிகிறார். அடிக்கிறவளும் அடிபடுகிறவரும் அந்தப் பெண்ணுக்காகத்தான் அந்த வீட்டில் இருக்கிறார்கள். அவள் அவர்கள் இரண்டு பேருக்காகவும் இருக்கிறாள். எந்தக் கதவைத் திறந்தாலும் அதன் பின்னால் இவர்களில் ஒருவர் நின்றார்.

கடைசியில் வழக்கு எதுவும் போடாமல், தெரிந்தவர் மூலம் ஒரு சமரசப் பேச்சுக்கு ஏற்பாடு செய்தேன். ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் இப்படிப்பட்ட குடும்பங்களை உட்காரவைத்துப் பேசுவார். சிரிக்காமல் கேட்ட முதல் ஆண் அவர்தான். இருவரையும் முழுவதுமாகப் பேசவிட்டார். மாஸ்டரின் மனைவி தான் செய்ததை ஒன்றுவிடாமல் ஒத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரைப் பார்க்கவும் சரி என்றாள். "சத்தியம் பண்ணித் தாரேன்" என்று சொல்லப் போனவளை மாஸ்டர் தடுத்தார்.

"சத்தியம் வேணாம். முடியாமப் போயிட்டா அதுக்கும் சேத்துக் கோவப்படுவ."

அதிகாரி அவர் பக்கம் திரும்பினார். "நீங்க ஒண்ணுமே கேக்கலியே. உங்களுக்கு என்னதான் வேணும்?"

மாஸ்டர் கைகளை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தார். நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை.

"மாடி ரூமுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டுக்கிறேன். முன்ன ஒண்ணு இருந்துச்சு. நான் உள்ள போய்ப் பூட்டிக்கிறேன்னு ஆசாரிய வச்சுக் கழட்டிட்டா. இப்ப போடுறத அவ கழட்டக் கூடாது. அது போதும்."

இத்தனை சட்டங்களும் இத்தனை ஆட்களும் சேர்ந்து அந்த மனிதருக்கு வாங்கிக் கொடுக்க முடிந்தது அதுதான். அவர் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

அதற்கடுத்த மாதங்களில் அவரை நான் அதிகம் பார்க்கவில்லை. டிரைவிங் ஸ்கூலில் அவர் சாயங்காலம் சீக்கிரமே கிளம்பிவிடுவதாக முதலாளி சொன்னார். டாக்டரிடம் மனைவி ஒழுங்காகப் போகிறாள் என்று ஒருமுறை, நடுவில் நிறுத்திவிட்டாள் என்று ஒருமுறை, திரும்பவும் போகிறாள் என்று ஒருமுறை மாஸ்டரே போனில் சொன்னார். அடி குறைந்திருக்கிறது என்றார். நின்றுவிட்டதா என்று கேட்டேன். "கொறஞ்சிருக்கும்மா" என்று மறுபடி சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆயக்குடியில் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். தாரணி கூப்பிட்டாள். காலேஜில் சேர்ந்திருந்தாள் அப்போது. காரை ரோட்டோரம் நிறுத்திவிட்டு எடுத்தேன். அவள் தாழ்ந்த குரலில் பேசினாள்.

"ஆன்ட்டி, பிஸியா இருக்கீங்களா?"

"சொல்லும்மா. என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. காலையில அம்மாவுக்குக் கோவம் வந்துச்சு. அப்பா மாடிக்குப் போயித் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டாரு. இன்னும் தொறக்கல."

"அம்மா எங்க?"

"ரூம் வாசல்லதான். தட்டுல சோத்தப் போட்டு, வெஞ்சனம் வச்சு எடுத்துட்டுப் போயி நிக்கிறாங்க. ரொம்ப நேரமா நிக்கிறாங்க." அவள் போனைத் தூரமாகப் பிடித்திருக்க வேண்டும். மெல்லக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. அதன்மேல் ஒரு பெண்குரல், அழுது ஓய்ந்த குரல்: "மாமா, சோறு ஆறுது. தொறங்க. ஒண்ணும் செய்யமாட்டேன், தொறங்க."

திரும்பவும் தாரணி பேசினாள்.

"அம்மா என்னைய வந்து அப்பாவத் தொறக்கச் சொல்லுன்னு கூப்புடுறாங்க. அப்பா உள்ளருந்து, நீ கீழ போம்மா, இங்க நிக்காதங்கிறாரு. நான் படியில உக்காந்திருக்கேன் ஆன்ட்டி."

ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள்.

"நான் எந்தப் பக்கம் போகட்டும்?"